எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேமிங் நெட்வொர்க் கார்டு வாங்கினால் பிங் குறையுமா?

கேள்வி இதுதான்: ஒருவர் திருநெல்வேலியில் இருந்து வாலரன்ட் என்ற ஆன்லைன் சுடும் ஆட்டம் ஆடுகிறார், மும்பை சர்வர். பகலில் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், 45 மில்லி செகண்ட் காட்டுகிறது, இரவு 9 மணிக்கு மேல் 150, 200 என்று எகிறுகிறது. புது பிசி கட்டப்போகிறார். கடையில் 8,500 ரூபாய்க்கு ஒரு கேமிங் நெட்வொர்க் கார்டைக் காட்டி, இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மதர்போர்டிலேயே 2.5ஜி (செகண்டுக்கு 2.5 ஜிகாபிட்) நெட்வொர்க் போர்ட் இருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டிலோ நல்ல மானிட்டரிலோ போடுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை உண்மையானது, ஆனால் அது இருக்கும் இடம் வேறு, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை.

முதலில் தூரத்தைப் பாருங்கள். திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் வரைபடத்தில் நேர்கோடு கிழித்தாலே 1,250 கிலோமீட்டர் வரும். கேபிள் நேராகப் போகாது, சாலையோரமாகவும் ரயில் பாதையோரமாகவும் சுற்றித்தான் போகும், எனவே 1,800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய் வர 3,600 கிலோமீட்டர், அதற்கு 18 மில்லி செகண்ட். உலகத்தில் எந்த கார்டை வாங்கினாலும் இந்த 18 குறையாது. மீதி 27 மில்லி செகண்ட் எங்கே போகிறது என்றால் உங்கள் ரவுட்டர், இணைய சேவை நிறுவனத்தின் கருவிகள், நடுவில் பாக்கெட் (ஆட்டம் அனுப்பும் தரவுத் துண்டு) மாறி ஏறும் இடங்கள், நேர்வழி இல்லாமல் சென்னை போய்ச் சுற்றும் பாதை, இப்படிப் பல இடங்களில்.

இதில் நெட்வொர்க் கார்டின் பங்கு எவ்வளவு? ஆட்டத்தின் பாக்கெட் மிகச் சிறியது, 200 பைட் என்று வையுங்கள். 1 ஜிகாபிட் போர்ட்டில் அதை வெளியே தள்ள 1.6 மைக்ரோ செகண்ட் போதும். மைக்ரோ செகண்ட் என்பது மில்லி செகண்டில் ஆயிரத்தில் ஒன்று. அதோடு டிரைவர், விண்டோஸ் எல்லாம் சேர்ந்து எடுக்கும் நேரம் சில பத்து மைக்ரோ செகண்ட், மோசமாக இருந்தால் நூறு, இருநூறு. மலிவான கார்டுக்கும் விலை உயர்ந்த கார்டுக்கும் 50 மைக்ரோ செகண்ட் வித்தியாசம் என்றே ஒத்துக்கொள்வோம். உங்கள் பிங் 45 இல் இருந்து 44.95 ஆகும். வாலரன்ட் சர்வர் செகண்டுக்கு 128 முறை கணக்குப் போடுகிறது, அதாவது 7.8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லி செகண்டுக்கு ஒரு முறை படத்தை மாற்றுகிறது. 0.05 மில்லி செகண்ட் இந்த இரண்டு சல்லடையிலும் நிற்காது.

சரி, அப்படியென்றால் இந்த 'கேமிங் நெட்வொர்க் கார்டு' என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு கதை இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. 2006 இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினைச் சேர்ந்த பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் கில்லர் நிக் என்ற கார்டைக் கொண்டுவந்தது. விலை 280 டாலர், அன்றைய மதிப்பில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கார்டின் மீது ஆங்கில கே எழுத்து வடிவில் பளபளவென்று ஒரு ஹீட்சிங்க். அதற்கு அடியில் 400 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி பிராசசர், 64 எம்பி நினைவகம், அதில் தனியாக ஓடும் ஒரு குட்டி லினக்ஸ். பின்பக்கம் ஒரு யுஎஸ்பி போர்ட் கூட உண்டு, கார்டுக்குள்ளேயே டோரன்ட் ஓட்டி அதில் செருகிய டிரைவில் சேமிக்கலாம். அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கைச் சுற்றிக்கொண்டு போய், ஆட்டத்தின் பாக்கெட்டை நேரடியாக ஆட்டத்திடம் கொடுப்பதுதான் அதன் வேலை.

அதைச் செய்த பொறியாளர்கள் முட்டாள்களும் அல்ல, ஏமாற்றுக்காரர்களும் அல்ல. அன்றைக்குப் பலர் வீட்டில் ஒற்றைக் கோர் பிராசசர்தான் இருந்தது. இன்டெலின் கோர் 2 டுவோவே அந்த வருடம் ஜூலையில்தான் வந்தது. ஒரே கோர் படத்தையும் வரைந்து, சத்தத்தையும் கலந்து, பாக்கெட்டையும் பிரிக்கும்போது, அந்தக் கடைசி வேலையைத் தனியாக எடுத்துக்கொள்ள ஒரு பிராசசர் இருந்தால் கொஞ்சம் இலேசாகும். அப்புறம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி டிசிபியில் (பாக்கெட் கிடைத்ததா என்று உறுதி கேட்டு அனுப்பும் முறை) ஓடும் ஆட்டங்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. 1984 இல் ஜான் நேகல் எழுதிவைத்த ஒரு முறைப்படி, டிசிபி சின்னச் சின்ன பாக்கெட்டுகளை உடனே அனுப்பாமல் சேர்த்துவைத்து அனுப்பும். மறுமுனையில் 'கிடைத்தது' என்ற பதிலையும் 200 மில்லி செகண்ட் வரை தாமதித்து அனுப்பும் வழக்கம் உண்டு. இரண்டும் மோதினால் ஆட்டம் திக்கும். அங்கே உண்மையிலேயே குறைக்க ஏதோ இருந்தது. ஆனால் அதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றியே ஓரளவு குறைக்க முடிந்தது, செலவில்லாமல். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்ற சுடும் ஆட்டங்கள் யுடிபியில் (உறுதி கேட்காமல் உடனே அனுப்பும் முறை) ஓடுகின்றன, அவற்றுக்கு நேகல் முறையே கிடையாது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 இல் பிக்ஃபுட்டை குவால்காம் ஏதெராஸ் வாங்கியது. கார்டுக்குள் பிராசசர் வைக்கும் பழக்கம் போய், சாதாரண சிப்போடு ஒரு மென்பொருளைச் சேர்த்து அதே கில்லர் பெயரில் விற்றார்கள். பிறகு அது ரிவெட் நெட்வொர்க்ஸ் என்ற தனி நிறுவனத்திடம் போனது, 2020 இல் அந்த நிறுவனத்தையும் இன்டெல் வாங்கியது. கில்லர் ஏஎக்ஸ்1650 என்ற வைஃபை கார்டு, உள்ளே பார்த்தால் இன்டெல் ஏஎக்ஸ்200 தான். பெயர்ப்பலகையும் மென்பொருளும் வேறு. 2006 இல் ஒரு தனி பிராசசர் செய்த வேலையில் பெரும்பகுதியை, அதாவது பாக்கெட் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும் செக்சம் போடுவது, பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது போன்றவற்றை, இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கார்டின் சிப்பே செய்துவிடுகிறது. உங்கள் மதர்போர்டில் இருக்கும் 2.5ஜி போர்ட்டும் செய்யும்.

அப்படியென்றால் இரவு 9 மணிக்கு 200 ஏன் வருகிறது? இதற்கு நானே உட்கார்ந்து பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன், உங்கள் கதையும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரையில் அக்கா வீடு. அக்கா மகன் ஏற்கெனவே ஒரு கேமிங் கார்டு வாங்கிப் போட்டுவிட்டான், பெட்டியில் சிவப்பு நிற டிராகன் படம் எல்லாம் போட்டிருந்தது. பிங் அப்படியே எகிறிக்கொண்டுதான் இருந்தது, பையன் பாவம், அப்பாவிடம் அவ்வளவு கேட்டு வாங்கியதால் வெளியே சொல்லவும் முடியாமல் இருந்தான். நான் கமாண்ட் பிராம்ப்டில் இரண்டு கறுப்பு ஜன்னல் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் வீட்டு ரவுட்டருக்குப் பிங், மற்றொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8 க்குப் பிங், இரண்டும் நிற்காமல் ஓடுகிற மாதிரி. இடது பக்கம் 1, 1, 1 என்று அசையாமல் போனது. வலது பக்கம் 24, 25, 24. கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. 9:20 இருக்கும், வலது பக்கம் 60 ஆனது, 140 ஆனது, 230 போனது, இடது பக்கம் மட்டும் அதே 1, 1, 1. எழுந்து ஹாலுக்குப் போனேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், அப்போதுதான் கடையில் இருந்து வந்து, சார்ஜரில் போனைச் செருகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சார்ஜரில் போட்டதும் அன்றைக்கு எடுத்த வீடியோ, படம் எல்லாவற்றையும் போன் தானாக மேலே ஏற்றத் தொடங்கியிருக்கிறது. அந்தப் போனின் வைஃபையை அணைத்தேன், உள்ளே இருந்து பையன் என்னைக் கூப்பிட்டு "மாமா, இருபத்தஞ்சுக்கு வந்துருச்சு!" என்று கத்தினான்.

நடந்தது என்னவென்றால், அவர்கள் வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ், ஆனால் அப்லோடு 10 தான். போன் வைஃபையில் அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. வெளியே போகும் வாசல் குறுகல், எனவே ரவுட்டர் பாக்கெட்டுகளைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிற்க வைக்கிறது. அந்த வரிசையில் 256 கிலோபைட் நின்றுவிட்டால், 10 எம்பிபிஎஸ் வாசல் வழியாக அது கரைய 205 மில்லி செகண்ட் ஆகும். பையனின் ஆட்டப் பாக்கெட் 200 பைட்தான், ஆனாலும் வரிசையின் கடைசியில் நின்றுதானே ஆக வேண்டும்? ரேஷன் கடையில் ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்க வந்தவர் மூட்டை அரிசி வாங்குகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து, 2010, 2011 வாக்கில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். 2012 இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அளக்காமல் பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அதிக நேரம் நின்றால் அனுப்புகிறவரை மெதுவாக்கும் முறை அது. அதன் அடுத்த வடிவங்களான எஃப்க்யூ கோடெலும் கேக்கும் இன்று பல ரவுட்டர்களில் வருகின்றன, எஸ்க்யூஎம் என்றோ ஸ்மார்ட் கியூ என்றோ பெயர் இருக்கும்.

இப்போது அந்த விலை உயர்ந்த கார்டை நினைத்துப் பாருங்கள். அதன் மென்பொருள் ஆட்டத்தின் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்கும், அது பொய் இல்லை. அந்த ஒரு பிசிக்குள் ஆட்டமும் டவுன்லோடும் சேர்ந்து ஓடினால் ஆட்டத்தை முன்னால் விடும். ஆனால் ஹாலில் இருக்கும் போனை அந்தக் கார்டு எப்படிப் பார்க்கும்? வரிசை ரவுட்டரில் நிற்கிறது. பாக்கெட் கார்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதன் கையில் ஒன்றுமில்லை. அக்கா வீட்டு ரவுட்டரில் அப்லோடு அளவை 8.5 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தி, மேலே சொன்ன எஸ்க்யூஎம் என்ற கியூ மேலாண்மையை இயக்கிவிட்டு மறுபடி போனை ஏற்றவிட்டோம், வலது பக்கம் 25 இல் இருந்து 33, 34 வரைதான் போனது. போன் வேலையும் நடந்தது, ஆட்டமும் நடந்தது. செலவு பூஜ்யம். அந்தப் பையன் கார்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் ரவுட்டரில் கியூ மேலாண்மை இல்லை, வெறும் பேண்ட்வித் கன்ட்ரோல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்துங்கள். அளந்து கிடைத்த அப்லோடு வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் போடுங்கள். வாசலின் நெரிசலை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பத்து, பதினைந்து சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வைஃபையில் ஆடுகிறீர்களா, கேபிளிலா என்று நீங்கள் சொல்லவில்லை. வைஃபை என்றால் மேலே சொன்ன சோதனையில் இடது பக்கமே, அதாவது ரவுட்டருக்கான பிங்கே, 2, 3, 90, 4, 160 என்று குதிக்கும். அப்படி இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், கேபிள் இழுங்கள். அபார்ட்மென்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதில் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் வீடு எல்லோரும் இருப்பார்கள், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் போடும். கேபிள் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: கேட் 6 என்று மேலே அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி விற்கிறார்கள், முழுச் செம்பு தானா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நன்றாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். ஜிகாபிட் ஓட நான்கு ஜோடிக் கம்பியும் சரியாக இருக்க வேண்டும், ஒரு ஜோடி விட்டுப்போனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸில் இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்து 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா என ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் அங்கே மட்டும் ஒரு கார்டுக்குச் செலவு செய்யலாம். கேபினட்டுக்குப் பின்னால் செருகும் சின்ன யுஎஸ்பி டாங்கிளைத் தூக்கிப்போட்டுவிட்டு, இன்டெல் ஏஎக்ஸ்210 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, ஆன்டெனாவை மேசைக்கு மேலே வைக்கிற மாதிரி நீண்ட வயரோடு வருவதை வாங்குங்கள், 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையுங்கள். அந்த அளவுக்குச் செலவு நியாயம். அதே சிப்புக்கு மேல் கேமிங் பெயர் ஒட்டி இரண்டு மடங்கு விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

இடது பக்கமும் சுத்தம், வீட்டில் வேறு யாரும் இணையம் பயன்படுத்தவில்லை, ஆனாலும் ராத்திரி 200 என்றால் பிரச்சினை சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. டிரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரையும் வரி வரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது வரியிலேயே 100 தாண்டி, அதற்குக் கீழே எல்லா வரியிலும் அப்படியே நீடித்தால் உங்கள் ஏரியாவின் இணைப்பே மாலையில் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் எகிறி, அடுத்த வரி இறங்கிவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதே நேரத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஆட்டம் ஆடி ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த டிரேஸ்ரூட் படத்தோடு புகார் கொடுங்கள், இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் உங்கள் தெருவில் வேறு யார் ஃபைபர் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

பாதையும் தூரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வாலரன்ட் செய்த ரயட் நிறுவனமே சாட்சி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தின் வட அமெரிக்க சர்வர்கள் மேற்குக் கரையில் போர்ட்லாண்டில் இருந்தன, கிழக்குக் கரையில் ஆடுகிறவர்கள் பல வருடம் புலம்பினார்கள். 2015 ஆகஸ்டில் மொத்தத்தையும் நடுவில் இருக்கும் சிகாகோவுக்கு மாற்றினார்கள். சேவை நிறுவனங்கள் பாக்கெட்டைச் சுற்றிச் சுற்றி அனுப்புகின்றன என்று ரயட் டைரக்ட் என்ற சொந்த நெட்வொர்க்கையே கட்டினார்கள். பிங்கைக் குறைக்க இவ்வளவு பணம் செலவழித்தவர்கள் ஆடுகிறவர்களிடம் கார்டை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை.

விலை உயர்ந்த நெட்வொர்க் கார்டு நிஜமாகவே பணத்துக்கு மதிப்புள்ள ஓர் இடம் உண்டு. பங்குச் சந்தையில் கம்ப்யூட்டரே வாங்கி விற்கும் நிறுவனங்கள். சோலார்ஃபிளேர் என்ற கார்டு (இப்போது ஏஎம்டியிடம் இருக்கிறது) 2006 இன் கில்லர் மாதிரியே இயங்குதளத்தின் நெட்வொர்க் அடுக்கைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் அவர்களின் சர்வர் சந்தையின் அதே கட்டடத்தில், சில மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மொத்தப் பயணமே மைக்ரோ செகண்ட் கணக்கில் இருக்கும்போது அதில் 5 மைக்ரோ செகண்ட் குறைந்தால் அது பெரிய லாபம். திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் நடுவில் அதே 5 மைக்ரோ செகண்ட் என்பது 1 கிலோமீட்டர் கேபிள்.

உங்கள் 2.5ஜி போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இன்டெல் ஐ225 சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் 2.5ஜி வேகத்தில் சில சுவிட்சுகளோடு பாக்கெட் தவறும் குறை இருந்தது, இன்டெலே ஒத்துக்கொண்டு பின்னால் வந்த பி3 பதிப்பில் சரிசெய்தது. நீங்கள் இப்போது வாங்கும் புது போர்டில் அந்தக் கவலை வராது, பழைய போர்டு வாங்கினால் மட்டும் பாருங்கள். அப்படி மாட்டினாலும் வேகத்தை 1 ஜிகாபிட்டாக நிலையாக வைத்துவிட்டால் போதும், வீட்டு இணைப்பு 100 அல்லது 200 எம்பிபிஎஸ் என்னும்போது ஒன்றும் இழக்க மாட்டீர்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற மின்சார சேமிப்பு வசதியை அணைத்துவிடுங்கள், சில சுவிட்சுகளோடு அது இணைப்பைத் துண்டித்துத் துண்டித்து விளையாடும். இன்டரப்ட் மாடரேஷனையும் (பாக்கெட் வந்த செய்தியைப் பிராசசரிடம் சேர்த்துவைத்துச் சொல்லும் வசதி) அணைக்கலாம், சில பத்து மைக்ரோ செகண்ட் மிச்சமாகும், அதாவது அந்த 8,500 ரூபாய் கார்டு கொடுக்கும் அதே மிச்சம்.

இன்று ராத்திரி 9:30க்கு அந்த இரண்டு ஜன்னலையும் ஓடவிட்டு, வீட்டில் எல்லோருடைய போன் வைஃபையையும் ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன, அணைப்பதற்கு முன், அணைத்த பின் என்று நான்கு எண்ணையும் இங்கே போடுங்கள், கூடவே ரவுட்டர் மாடல், அப்லோடு வேகம். எங்கே கை வைக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.